தலையெழுத்தும் கையெழுத்தும்

"தலையெழுத்து" என்றொரு சொல் நம் நாட்டிலே உலவுகிறது. ஏடறியாதார் நாவிலும் உலவுகிறது, எம்.ஏ. படித்தவர் நாவிலும் உலவுகிறது. பிள்ளை இறந்தால் தலையெழுத்து! பிழைப்பு நொடித்தால் தலையெழுத்து! கூலி குறைந்தால் தலையெழுத்து! பேறுகாலத்திலே பெண்ணொருத்தி மாண்டாலும் அதே தலையெழுத்து! எழுதியவன் யார், எந்த மொழியில் எழுதினான், ஏழையின் தலையிலே மட்டும் ஏன் இத்தனை பிழைகளோடு எழுதினான் என்று எவரும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்பதற்காகவே அந்தச் சொல் உண்டாக்கப்பட்டது போலும்!

எழுத்துக் கற்பிப்பது என் தொழில். சேலத்துக் கல்லூரியிலே பொருளியல் படித்துப் பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, சேர்வராயன் மலைமீது நாகலூர்ப் பகுதியிலே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருகிறேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு சேர்ந்து, அங்கிருந்து காப்பித் தோட்டங்களுக்கு ஊடே மேலும் சென்றால் நாகலூர் வரும். சில்வர் ஓக் மரங்கள் வானளாவ நிற்கும். அவற்றைத் தழுவி மிளகுக் கொடி ஏறும். அவற்றின் நிழலிலே காப்பிச் செடி வளரும். அந்தச் செடியின் நிழலிலே மனிதரும் வாழ்கின்றனர். மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள் அவர்கள். கேரளத்தார் என்று எண்ணிவிட வேண்டாம். மலையை ஆள்வோர் என்ற பொருளிலே வந்த பெயர் அது. அவர்தம் தாய்மொழி நம் தமிழ்தான்.

ஆள்வோர் என்று பெயர்! அன்றாடம் பிறர் தோட்டத்திலே கூலி! பெயருக்கும் பிழைப்புக்கும் இடையே உள்ள இந்தப் பிளவைத்தான் நான் நாள்தோறும் வகுப்பறையிலே காண்கிறேன். எழுத்து, இந்த மக்களின் உடலுக்கு நலம் தருமா? இவர்தம் கூலியை உயர்த்துமா? உணர்ச்சியால் அல்ல, கணக்கால் விடை காண முயன்றேன். கண்டதைப் பகுத்தறிவுத் தோழர்களாகிய உங்கள் முன் வைக்கிறேன்.

முதலிலே ஒரு வேடிக்கையைக் கூறுகிறேன், வேதனையான வேடிக்கை. ஏற்காடு நாடறிந்த ஊர். காப்பிக்கு மட்டுமா? கல்விக்கும்தான்! 1894இல் திரு இருதயப் பள்ளி, 1917இல் மான்ட்போர்ட் பள்ளி எனப் புகழ்பெற்ற நிலையங்கள் இந்த மலைமீது எழுந்தன. தொலைதூர நகரங்களிலிருந்து பிள்ளைகள் இங்கே வந்து தங்கிப் படித்தனர். நல்லது, படிக்கட்டும்! அந்தப் பள்ளிகளைக் குறை கூறுவது என் நோக்கமல்ல. ஆனால் அவர்கள் படிக்க வந்த மலையிலேயே பிறந்தவர் நிலை என்ன? 2011ஆம் ஆண்டின் மக்கள் கணக்கைப் பாருங்கள். தமிழ்நாட்டிலே எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 80 பேர். தமிழ்நாட்டுப் பழங்குடி மக்களிலே எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 54 பேர்தான். இந்திய நாடு முழுதும் உள்ள பழங்குடியினரின் சராசரி 59. அந்தச் சராசரிக்கும் கீழே நிற்கிறார்கள் நம் மலைவாழ் மக்கள்! தமிழகம் கல்வியிலே முன்னே நிற்கிறது என்று மேடையிலே முழங்குகிறோம், உண்மை. ஆனால் அந்த முழக்கம் மலையேறி வரும்போது மூச்சு வாங்குகிறது.

ஏன் இந்த நிலை? பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே, சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பர்ன் காலத்திலே, இந்த மலைக்குக் காப்பி வந்தது. காப்பிக்கு வேண்டியது மண், மழை, நிழல், கை. ஆம், கை! செடிக்குச் செடி சென்று, சிவந்த பழத்தை மட்டும் தேர்ந்து, பச்சைக் காயை விட்டுவிட்டுப் பறிக்கும் கை. அந்தக் கைக்கு எழுத்து எதற்கு என்று கேட்டனர் தோட்டம் வைத்தோர். ஆண்டுகள் பல சென்றன. அந்தக் கேள்வியைத் தோட்டத்துக்காரர் கேட்பது நின்றது. இன்று தொழிலாளியே கேட்கிறார்! அடிமைத்தனத்திலே கொடியது, ஆண்டையின் கேள்வியை அடிமையே தன் கேள்வியாக எண்ணிக் கேட்பதுதான்.

ஒரு மாணவனின் தந்தை என்னிடம் கேட்டார்: "நான் பத்தாவது படிச்சிருந்தா மட்டும் மொளகு மூணு மடங்காவா காய்ச்சிருக்கும், சார்?"

நல்ல கேள்வி, நகைத்து ஒதுக்கத் தக்கதல்ல. கொடிக்கு எழுத்துத் தெரியாது. காய்க்கிற அளவுதான் காய்க்கும். ஆனால் தோழர்களே, காய்த்ததற்கு என்ன விலை? அதை யார் நிறுத்தார்? யார் எழுதினார்? எழுதியதை யார் படித்தார்? அங்கேதான் எழுத்து நுழைகிறது!

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, விடுமுறை நாட்களிலே தாயுடன் பழம் பறிக்கும் இடத்துக்குச் சென்று வருவாள். மாலையிலே மூட்டையை நிறுப்பார்கள். இத்தனை கிலோ என்று கணக்கர் குறித்துக் கொள்வார். வாரக் கடைசியிலே கூலி தருவார்கள். தாய்க்குத் தராசின் எண் தெரியாது. கொடுத்ததை வாங்கி முந்தானையிலே முடிந்து வருவார். இந்தப் பெண் என்ன செய்தாள்? நாள்தோறும் நிறுத்த எடையைத் தன் பழைய நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலே எழுதி வந்தாள். வாரக் கடைசியிலே தாய்க்கு வந்த கூலி, அவள் கூட்டிப் பார்த்த தொகைக்குக் குறைவாயிருந்தது. நோட்டை நீட்டினாள். கணக்கர் திரும்பக் கூட்டினார். குறைந்த தொகையைத் தந்துவிட்டார். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. அடுத்த வாரம் முதல் அந்த நோட்டைத் தேடி அண்டை வீட்டுப் பெண்களும் வந்தனர். ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு பென்சில், ஒரு கூட்டல் கணக்கு! அந்த ஆண்டு அவள் கற்ற பாடங்களிலே எது பெரிது என்று என்னைக் கேட்டால், நான் அதைத்தான் கூறுவேன்.

"இது ஓரிடத்துச் செய்தி. கெட்டிக்காரப் பிள்ளை எதைச் செய்தாலும் பிழைத்துக் கொள்ளும். படிப்புக்கும் பணத்துக்கும் தொடர்பு என்ன?" என்று ஐயம் எழுப்புவோர் உண்டு. ஐயம் எழுப்புவது நம் இயல்பு, எழுப்பத்தான் வேண்டும். அதற்கு விடை தருகிறது இந்தோனேசியா. நம்மைப் போலவே அயலார் ஆட்சியிலே வாடி, விடுதலை பெற்ற ஏழை நாடு அது. 1973 முதல் 1978க்குள் அந்நாட்டரசு 61,000க்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளைக் கட்டியது. பள்ளி குறைந்த பகுதிகளிலே மிகுதியாகக் கட்டியது. பிற்காலத்திலே நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்ளோ என்னும் பொருளியல் அறிஞர், இந்தப் பள்ளிகளால் என்ன விளைந்தது என்று ஆராய்ந்து 2001இல் வெளியிட்டார். பள்ளி வந்தபோது படிக்கும் வயதைக் கடந்துவிட்டவர் ஒரு சாரார். படிக்கும் வயதில் இருந்தவர் மறு சாரார். பள்ளி மிகுந்த பகுதி ஒன்று; குறைந்த பகுதி மற்றொன்று. இந்த நான்கையும் எதிரெதிரே நிறுத்தி ஒப்பிட்டார். பள்ளி மிகுதியாக வந்த பகுதியிலே, அந்த வயதிலே இருந்தவர்கள் கூடுதலாகப் படித்தார்கள், கூடுதலாகச் சம்பாதித்தார்கள். ஓராண்டுப் படிப்புக்கு ஏறக்குறைய 7 முதல் 11 விழுக்காடு வரை ஊதிய உயர்வு! கெட்டிக்காரத்தனம் ஒரு மாவட்டத்திலே மட்டும், ஒரு குறிப்பிட்ட ஆண்டிலே பிறந்தவர்க்கு மட்டும் திடீரென ஊறிவிடாது அல்லவா? ஊறியது பள்ளிக்கூடம்!

ஊதியம் ஒருபுறம் இருக்கட்டும், உயிருக்கு வருவோம்.

மலையூர்களிலே குழந்தைக்கு வயிற்றுப்போக்குக் கண்டால், தண்ணீர் கொடுக்காதே என்று தடுக்கும் பழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. உள்ளே போனால்தானே வெளியே போகும் என்று கருதுகிறார்கள். கயிறு மந்திரித்துக் கட்டுகிறார்கள்; கோயிலிலே பூ வைத்துக் கேட்கிறார்கள். குழந்தையோ நீர் வற்றிச் சருகாகிறது. இதற்கு மருந்து என்ன? கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீர். ஆறு தேக்கரண்டி சர்க்கரை. அரைத் தேக்கரண்டி உப்பு. அவ்வளவே! இந்த எளிய கரைசலின் வலிமையை உலகுக்கு உணர்த்தியவர் வங்க மருத்துவர் திலீப் மகலனோபிஸ். 1971இல், வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லை கடந்து வந்த ஏதிலியர், பன்காவ் முகாமிலே வாந்திபேதியால் கொத்துக் கொத்தாய் மடிந்தனர். ஊசிவழி ஏற்றும் நீர் தீர்ந்துவிட்டது. அவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பாத்திரங்களிலே நிரப்பி, நோயாளியின் உறவினரையே ஊட்டச் செய்தார். நூற்றுக்கு 30 என்றிருந்த சாவு, 4க்கும் கீழே இறங்கியது.

எண்ணிப் பாருங்கள்! அங்கே ஊட்டியவர் மருத்துவரல்லர், தாயும் உடன்பிறந்தாளும். அப்படியானால் மருந்து எங்கே இருந்தது? உப்பிலா? அது எல்லா வீட்டிலும் இருக்கிறது. சர்க்கரையிலா? அதுவும் கடையிலே கிடைக்கிறது. இன்னது செய் என்ற அறிவிலே இருந்தது!

ஆனால் அறிவு மட்டும் போதுமா என்றால், போதாது. இங்கேதான் ஆஸ்திரேலிய மக்கள்தொகை அறிஞர் ஜான் கால்டுவெல் ஓர் அரிய உண்மையைக் கண்டார். (நம் மொழி ஆராய்ந்த கால்டுவெல் அல்லர், இவர் வேறு.) ஆப்பிரிக்காவில் நைஜீரிய நாட்டிலே அவர் ஆராய்ந்து 1979இல் எழுதினார்: குழந்தை பிழைப்பதையும் இறப்பதையும் பிரித்துக் காட்டுவதிலே, தகப்பனின் தொழிலைவிட, வீட்டின் வருவாயைவிட, தாயின் படிப்பே முன்னே நின்றது. ஏன்? பள்ளியிலே அவள் நோய்நூல் படித்துவிட்டாளா? இல்லை. படித்த பெண், வீட்டிலே பேசத் துணிந்தாள். மாமியார் வரட்டும், கணவன் வரட்டும், பெரியவர் கேட்டுச் சொல்லட்டும் என்று காத்திராமல், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு நடந்தாள். அங்கே மருத்துவரை நிமிர்ந்து பார்த்தாள், கேள்வி கேட்டாள், மருந்து குணம் தராவிட்டால் திரும்பவும் சென்றாள். எழுத்து அவளுக்குத் தந்தது செய்தியை மட்டுமன்று, முடிவெடுக்கும் உரிமையை!

இதை நான் நாகலூர்ப் பக்கத்திலேயே கண்டேன். எங்கள் மாணவன் ஒருவனின் அக்காள், பத்தாம் வகுப்புவரை படித்தவர், கைக்குழந்தைக்காரி. குழந்தைக்குக் காய்ச்சலும் பேதியும். "விடியட்டும், பூசாரியக் கேட்டுட்டுப் போலாம்" என்றார் கணவனின் பாட்டி. இந்தப் பெண் பொறுக்கவில்லை. இரவோடிரவாக அண்டை வீட்டாரை எழுப்பி, காய்கறி ஏற்றும் ஜீப்பிலே ஏறி, மருத்துவமனை சேர்ந்துவிட்டார். குழந்தை பிழைத்தது. பிறகொரு நாள் அந்தப் பாட்டியிடம் பேசிக் கொண்டிருந்தேன். அவர் கோபப்படவில்லை. "நான் ஏழு பெத்தேன், சாமி. மூணுதான் தங்குச்சு. எங்க காலத்துல ரோடு ஏது, டாக்டர் ஏது? யாரக் கேட்கறது? சாமியத்தான் கேட்டோம்" என்றார்.

தோழர்களே! அந்தப் பாட்டியை மூடநம்பிக்கைக்காரி என்று ஏசுவது எளிது. நான் ஏசவில்லை, நீங்களும் ஏச வேண்டாம். கேட்பதற்கு வேறெவரும் இல்லாதபோது கல்லைக் கேட்டார். கல்லைக் காட்டிக் காசு பறித்தவன் மீதும், கல்லைத் தவிர வேறெதையும் அவருக்கு வைக்காத சமுதாயத்தின் மீதும் பாயட்டும் நம் சினம். நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மீது பாய வேண்டாம்.

இந்த ஒரு குழந்தையின் கணக்கை உலகக் கணக்காக்கிப் பார்த்தனர், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 175 நாடுகளின் புள்ளிகளைத் திரட்டி 2010இல் வெளியிட்டனர். 1970ஐவிட 2009இல், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாவு ஆண்டுக்கு 82 இலட்சம் குறைந்திருந்தது. அதிலே 42 இலட்சம் உயிர்கள், பெண்கள் கூடுதலாகப் படித்ததன் பயனாய்க் காக்கப்பட்டவை என்று மதிப்பிட்டனர். பாதிக்கு மேல்! தடுப்பூசிக்கு நன்றி கூறுகிறோம், தகும். கரும்பலகைக்கும் ஒரு நன்றி கூற வேண்டாமா?

படிப்பால் நலம் வருகிறது என்றேன். நலம் இல்லாவிடில் படிப்பே வராது என்பதையும் கூறியாக வேண்டும். பசித்த வயிறு பாடம் கேட்காது. அதை உணர்ந்துதான் நீதிக்கட்சியார் பொறுப்பிலிருந்த சென்னை மாநகராட்சி, 1920இல், தலைவர் தியாகராயர் காலத்திலே, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவிலே உணவளிக்க முடிவு செய்தது. 1956இல் காமராசர் ஆட்சி அதை மாநிலந்தழுவிய மதிய உணவாக்கிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சத்துணவாக விரித்தது. 2022 செப்டம்பரிலே தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவிற்று. பொழுது விடியும் முன் தோட்டத்துக்குப் புறப்படும் தாய், அடுப்பு மூட்ட நேரமேது? மலைக்குளிரிலே வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைக்குச் சூடான உப்புமா என்பது வெறும் உப்புமா அல்ல. முதல் பாடம் காதிலே ஏறுவதற்கான வழி.

பசி போலவே, கண்ணுக்குத் தெரியாத இன்னொரு திருடன் உண்டு, கொக்கிப் புழு. வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தைத் துளைத்து உள்ளே புகுந்து, குடலிலே தங்கி, இரத்தத்தை உறிஞ்சும். பிள்ளை வெளுத்துப் போகும்; வகுப்பிலே தூங்கி விழும். "மக்கு" என்று பட்டம் சூட்டுவோம்! அமெரிக்காவின் தென்மாநிலங்களிலே, 1910ஐ ஒட்டிய ஆண்டுகளிலே, பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேரை இந்தப் புழு பிடித்திருந்தது. ராக்பெல்லர் நிதியால் ஊர் ஊராய் மருந்து கொடுத்து ஒழிக்க முனைந்தனர். நெடுங்காலத்துக்குப் பின் ஹாய்ட் பிளீக்லி என்னும் அறிஞர் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தார். புழு மிகுந்திருந்த ஊர்களிலே, மருந்து வந்தபின் பிள்ளைகள் பள்ளிக்கு வருவது பெருகிற்று. வளர்ந்தபின் அவர்தம் வருவாயும் பெருகிற்று என்று 2007இல் காட்டினார். நம் நாட்டிலே 2015 முதல் பிப்ரவரி 10ஆம் நாளைக் குடற்புழு நீக்க நாளாக வைத்துப் பள்ளியிலேயே மாத்திரை தருகின்றனர். வளரிளம் பெண்களுக்கு வாரந்தோறும் இரும்புச் சத்து மாத்திரையும் தருகின்றனர். "இத முழுங்குனா பின்னாடி பிள்ளை பிறக்காது" என்று புரளி கிளப்பி, மாத்திரையைப் புதருக்குள் எறியச் செய்வோரும் இருக்கின்றனர். ஆகவே, ஆசிரியனுக்கு அன்று வேலை பாடம் நடத்துவது மட்டுமல்ல. தானே முதலில் ஒன்றை விழுங்கிக் காட்டுவதுமாகும்!

இவ்வளவும் கூறியபின், "அப்படியானால் பள்ளிக்கூடம் கட்டிவிட்டால் போதும், மற்றவை தாமே வரும்" என்று எவரேனும் முடிவு கட்டினால், அதுவும் ஒரு மூடநம்பிக்கைதான்! மேலே கூறிய கால்டுவெல், ஒருபுலோயே என்னும் நைஜீரிய அறிஞருடன் சேர்ந்து, மருத்துவமனை உள்ள ஊரையும் இல்லாத ஊரையும் ஒப்பிட்டார். மருத்துவமனை உண்டு, தாய்க்குப் படிப்பில்லை. பிள்ளையின் ஆயுள் எதிர்பார்ப்பு 20 விழுக்காடு கூடிற்று. தாய்க்குப் படிப்பு உண்டு, மருத்துவமனை இல்லை. 33 விழுக்காடு கூடிற்று. இரண்டும் இருந்தபோதோ? 20ம் 33ம் சேர்ந்து 53 என்பீர்கள், 87 விழுக்காடு! கூட்டல் கணக்கு அங்கே பெருக்கல் கணக்காகிவிட்டது. படித்த பெண்ணின் காலடியிலே சாலையும், சாலையின் முடிவிலே மருத்துவரும் இருந்தால்தான் படிப்பின் முழுப் பயனும் விளையும்.

இதற்குச் சான்று கடல் கடந்தும் இருக்கிறது; அங்கிருப்போரும் நம்மவரே. சேலம், திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களுக்குச் சென்றவர்களின் வழிவந்தோர் அவர்கள். 1945இல் கன்னங்கரா முயற்சியால் இலங்கை இலவசக் கல்வியைக் கொண்டுவந்தது. ஏழை நாடாயிருந்தும் சாவு குறைந்த நாடென்று கால்டுவெல் பாராட்டிய நாடுகளிலே, கேரளத்தோடு இலங்கையும் ஒன்று. ஆனால் அந்தப் புகழிலே தோட்டத் தமிழருக்குப் பங்கு கிட்டிற்றா? 1948இல் குடியுரிமை பறிபோனது. தோட்டப் பள்ளிகள், 1970களிலே அரசு ஏற்கத் தொடங்கும்வரை, தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே கிடந்தன. நாடு முன்னேறியபோதும் தோட்டத்துக் குழந்தைகளின் சாவு மட்டும் மற்றவர் சாவைவிட மிகுந்தே நின்றது. ஒரே தீவு, ஒரே சட்டம், ஒரே மருத்துவம். வேலிக்கு அப்பால் ஒரு வாழ்வு, வேலிக்கு உள்ளே ஒரு வாழ்வு! நம் நாட்டிலும் 1951இல் இயற்றிய தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடு, மருத்துவம், குழந்தைக் காப்பகம், பிள்ளைகளுக்குக் கல்வி எனப் பல நன்மைகளை எழுதி வைத்தது. எழுதியதைப் படிக்கத் தெரியாதவருக்காக எழுதப்பட்ட சட்டம் அது. படிக்கத் தெரிந்திருந்தால் கேட்டிருப்பார்கள் அல்லவா?

இனி, என் உள்ளத்தை உறுத்தும் செய்திக்கு வருகிறேன். பதினான்கு வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வி என்று 2009ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. ஆபத்து அதன் பின்னர்தான் தொடங்குகிறது. கார்த்திகை பிறந்து பழம் சிவந்தால் வகுப்பிலே இடம் காலியாகிறது. தை முடிந்தபின்னும் சில இடங்கள் நிரம்புவதில்லை. நன்கு படித்துப் பத்தாம் வகுப்புத் தேறிய பெண்ணொருத்தி, பதினொன்றாம் வகுப்பிலே சேரவில்லை. விசாரித்தேன், மாமன் மகனுக்குப் பேச்சு நடக்கிறது என்றனர். பதினாறு வயது!

வீட்டுக்குச் சென்றேன். முன்னே மிளகைப் பற்றிக் கேட்டாரே, அந்தத் தந்தையின் மகள்தான் அவள். அவர் முரடரல்லர், மகள்மீது உயிரையே வைத்திருப்பவர். அவரும் என்னைப் போல் கணக்குத்தான் போட்டார். "இவ பறிக்கப் போனா ஒரு கூலி. பஸ்சு, நோட்டு, துணி, எல்லாம் மிச்சம். காலாகாலத்துல கட்டிக் குடுத்துட்டா எனக்கும் பயம் தீரும், சார்."

நானும் கணக்குப் போட்டேன். பதினெட்டுக்கு முன் மணம் முடிப்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதைச் சொன்னேன். மிரட்டலாக அல்ல, செய்தியாக. 1098 என்ற எண்ணுக்கு எவர் பேசினாலும் அதிகாரிகள் வருவார்கள் என்றும் சொன்னேன். இடுப்பெலும்பு முற்றும் முன் பிள்ளை சுமக்கும் பெண்ணுக்கு வரும் கேட்டினைச் சொன்னேன். இரத்தசோகையோடு பேறுகாலம் வந்தால் என்ன ஆகும் என்று, அருகிலிருந்த அவர் மனைவிக்கும் கேட்கச் சொன்னேன். 1989இல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் வந்த திருமண உதவி, எட்டாம் வகுப்பு படித்திருந்தால்தான் பணம் என்று கூறியது. அதே அம்மையார் பெயரிலே 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டம், அரசுப் பள்ளியிலே படித்துக் கல்லூரிக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று வகுத்தது. பெண்ணின் மணத்துக்கு அளித்த பணம், பெண்ணின் படிப்புக்கு அளிக்கும் பணமாக மாறியது! காலம் எந்தப் பக்கம் நடக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கடைசியாக, வாரக் கடைசியிலே நோட்டை நீட்டிக் குறைந்த கூலியைப் பெற்றுத் தந்த அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கதையைச் சொன்னேன். அவருக்குத் தெரிந்திருந்தது, அந்த அண்டை வீட்டுப் பெண்களிலே அவர் மனைவியும் ஒருவராம்!

அவர் நெடுநேரம் பேசவில்லை. உள்ளேயிருந்து மகள்தான் பேசினாள்: "பன்னெண்டு முடிச்சுர்றேன்ப்பா. அதுக்கப்புறம் நீ சொல்றதக் கேக்கறேன்; நான் சொல்றதயும் நீ கேளு."

இப்போது அவள் வகுப்பிலே இருக்கிறாள். வென்றுவிட்டோம் என்று நான் கூறமாட்டேன். இரண்டு பறிப்புக் காலங்கள் இடையிலே இருக்கின்றன. ஒரு மழை பொய்த்தால், காப்பி விலை சரிந்தால், தந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அந்த இடம் மறுபடியும் காலியாகலாம். பன்னிரண்டு முடித்துக் கல்லூரி சென்று பட்டம் பெற்றாலும், கீழே நகரத்துக் கடையிலே குறைந்த கூலிக்கு நிற்கும் இளைஞர்களும் இந்த மலையிலே இருக்கின்றனர். "படிச்சவனுக்கு வேலை எங்கே?" என்று அவர்களைக் காட்டிக் கேட்பவருக்கு, வேலை வேண்டும் என்று சேர்ந்து கேட்போம் என்பதுதான் என் விடை, படிப்பு வேண்டாம் என்பதல்ல. பட்டினி கிடந்தவன் ஒருவேளை உண்டும் பசி தீரவில்லை என்றால், அடுத்த வேளைக்கும் உணவு கேட்பானே தவிர, உணவே வீண் என்றா கூறுவான்?

படிப்பகங்களிலே அமர்ந்து இந்த ஏட்டைப் படிக்கும் இளைஞர்களுக்கு ஒன்று கூறுவேன். ஏரியில் படகு விடவும், மலர்க்காட்சி காணவும் கோடையிலே கூட்டம் கூட்டமாய் ஏற்காட்டுக்கு வருகிறீர்கள், வாருங்கள். ஆனால் ஒருநாள் கார்த்திகையிலே வாருங்கள். பழம் சிவக்கும் நாளிலே! மலையூர் ஒவ்வொன்றிலும் பத்தாம் வகுப்பு முடித்து வீட்டிலிருக்கும் பெண் எத்தனை என்று கேளுங்கள். சாதிச் சான்றிதழ் கிட்டாமல் உதவித்தொகை இழந்த பிள்ளைக்குக் கோட்டாட்சியர் அலுவலகம்வரை துணை செல்லுங்கள். மாலையிலே திண்ணையில் அமர்ந்து, தராசின் எண்ணையும் வங்கிப் புத்தகத்தையும் படிக்கத் தாய்மாருக்குச் சொல்லிக் கொடுங்கள். உப்பும் சர்க்கரையும் கலக்கும் அளவைச் செய்து காட்டுங்கள். மேடை வேண்டாம், மாலை வேண்டாம். ஒரு பென்சிலும் கொஞ்சம் பொறுமையும் கொண்டுவந்தால் போதும். பஸ் நாகலூர்வரை வருகிறது.